‘என்னுது!’ என்று கத்தக் கற்றுத்தந்த பண்டகக் காப்பாளருக்கு

குழாய்களின் காவலரே! வால்வையும் வாஷரையும் வரிசை குலையாமல் காத்த வல்லவரே! வலைக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஆறு பெண்களின் ஆற்றலே, ஆத்திரமே, ஆறுதலே! பத்தொன்பது ஆண்டுகள் பண்டக அறையின் பச்சைக் கதவுக்குப் பின்னால் இருந்தவரே, அவற்றில் கடைசி ஆறு ஆண்டுகள் அந்தக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஆடுகளத்தில் வந்து நின்றவரே! எங்கள் கோச்சே! குடிநீர் நிலையத்தின் அத்தனை பிரிவும் எழுந்து நின்று சொல்கிறோம், வணக்கம்!

இந்தப் பணி ஓய்வு வாழ்த்து மடலை எழுதும் பொறுப்பு புகார்ப் பிரிவு எழுத்தரான என்னிடம் எப்படி வந்தது என்பது சபைக்குத் தெரியும். தமிழால் வரவில்லை, குரலால் வந்தது. தொலைபேசியில் நான் “வணக்கம், குடிநீர் நிலையம்” என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் கருவியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்கிறார். ‘மைக்’ என்று எனக்குப் பெயர் வைத்ததே நம் மேலாளர்தான். ஒலிபெருக்கி வைக்கிற வேலை மிச்சம் என்று என்னை மேடையேற்றிவிட்டார்கள். மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுபவரோ, ஒரு பக்கத்துக்கு மேல் போனால் எழுத்தெல்லாம் எறும்பாகிவிடும் என்று எச்சரித்தார். எறும்பாகட்டும்! உங்களை ஒரு பக்கத்தில் அடக்க எங்களால் ஆகாது. அதோடு, மடலின் முடிவில் உங்களிடம் நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குத் துணிச்சல் வர எனக்கு நாலு பக்கமாவது வேண்டும்.

முதலில் அலுவல். கையிருப்பு ஏட்டில் அடித்தல் திருத்தல் இல்லாத பத்தொன்பது ஆண்டுகள்! அரை அங்குல வால்வு எந்த அடுக்கில், எந்தப் பெட்டியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நினைவாற்றல்! பெரிய குழாய் வெடித்த மழைக்காலக் காலையில், பழுது பார்ப்பவர்கள் வந்து கேட்பதற்கு முன்பே இணைப்பு வளையங்களை வாசலில் எடுத்து வைத்திருந்த முன்யோசனை! கேட்ட பொருளைக் கொடுப்பீர்கள், கேட்காத பேச்சைக் கொடுக்க மாட்டீர்கள். “இங்க கையெழுத்துப் போடுங்க” என்பதைத் தாண்டி உங்களிடமிருந்து ஒரு சொல் வாங்க ஆளில்லை. முதல் சில ஆண்டுகளில் காலையிலேயே உங்கள்மேல் வீசிய வாடையையும் அறிவோம், மறைப்பானேன்! அந்த வாடை நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும் உங்கள் முகம் மட்டும் தெளியாமலே இருந்தது.

இனி ஆட்டம்! வடிகட்டும் தொட்டிகளுக்குப் பின்னால் நம் பெண்கள் வலை கட்டி வாலிபால் ஆடத் தொடங்கியபோது, அது ஆட்டமா, மரியாதை மாநாடா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பந்து வரும். பம்பு இயக்கும் மோட்டார் அக்காவுக்கும் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் சோதிப்பதால் நாங்கள் ‘குளோரின்’ என்றே கூப்பிடும் பெண்ணுக்கும் நடுவில் வரும். “நீங்க எடுங்கக்கா.” “பரவால்லம்மா, நீ எடு.” “ஐயோ, நீங்க சீனியர்க்கா.” இந்த உபசாரம் முடிவதற்குள் பந்து தரையில் விழுந்து, உருண்டு, கழுவுநீர் வாய்க்காலில் மிதக்கும். துறைகளுக்கிடையேயான கோப்பையில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதல் சுற்றிலேயே வீடு திரும்பினோம். பணிவினாலேயே தோற்ற அணி உலகத்தில் வேறு இருக்குமா, தெரியவில்லை.

அன்றொரு மாலை நாலாவது தடவையாகப் பந்து வாய்க்காலில் விழுந்தபோது, பண்டக அறையின் சன்னலிலிருந்து ஒரு கர்ஜனை! “யாராவது ஒருத்தி ‘என்னுது’ன்னு சொல்லுங்கம்மா! வாயில என்ன, வாஷரா?” பதிமூன்று ஆண்டுகளில் உங்களிடமிருந்து நாங்கள் கேட்ட முதல் நீளமான பேச்சு அதுதான்! மோட்டார் அக்கா நேரே சன்னலுக்கு வந்து, “தெரிஞ்சவரு மாதிரி பேசுறீங்களே, வந்து சொல்லிக் குடுங்களேன்” என்றார். நீங்கள் சன்னலைச் சாத்தினீர்கள். மறுநாளும் கேட்டார், சாத்தினீர்கள். பத்தாம் நாள், சாத்த முடியாதபடி அவர் சன்னலில் கையை வைத்துக்கொண்டார். மோட்டார் அக்காவின் கையை நசுக்கத் துணிந்தவர் இந்த நிலையத்தில் இன்னும் வேலைக்குச் சேரவில்லை.

அன்று அந்தக் குழாய்களின் நடுவே நின்று எங்கள் பெண்களிடம் நீங்கள் சொன்னதை, உங்கள் அனுமதி பெற்றே இங்கே வாசிக்கிறேன். ஒரு காலத்தில் பெரிய அணி ஒன்றின் பயிற்சியாளர் நீங்கள். ஓர் இறுதி ஆட்டத்தின் கடைசிப் புள்ளியில் எதிரணி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. வெற்றி உங்களுக்கு என்று நடுவர் கை காட்டினார். அப்போது உங்கள் அணியிலேயே வயதில் இளைய ஆட்டக்காரி கையைத் தூக்கி, “என் விரல்ல பட்டுச்சு சார்” என்றாள். புள்ளி போனது, கோப்பை போனது, உங்கள் புத்தியும் போனது. அவள் எதிரணிக்கு விலைபோய்விட்டாள் என்று அத்தனை பேர் முன்னால் கத்தினீர்கள். கத்தியதோடு விடாமல் அதையே அறிக்கையாகவும் எழுதிக் கொடுத்தீர்கள். எழுதும்போதே அது பொய் என்று உங்களுக்குத் தெரியும். அவளை அணியிலிருந்து நீக்கினார்கள். அதன் பிறகு விசிலை எடுத்தாலே உங்கள் கை நடுங்கியது. நடுக்கத்தை மறக்கக் குடி வந்தது, குடி வந்ததால் வேலை போனது, கடைசியில் எங்கள் பச்சைக் கதவு உங்களுக்குக் கிடைத்தது.

“அந்தப் பொண்ணுக்கு ஒரு லெட்டர் போடலாமே சார்” என்று குளோரின் கேட்டாள். “எட்டு தடவ எழுதிட்டேம்மா. எட்டையும் கிழிச்சுட்டேன்” என்றீர்கள். பிறகு சொன்னீர்கள்: “சொல்லிக் குடுக்கிறேன். ஆனா ஒண்ணு, நான் யாரையாவது திட்ட ஆரம்பிச்சா என்னைய இந்த ரூம்ல போட்டுப் பூட்டிருங்க.” மோட்டார் அக்கா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். உங்களுக்கு வேண்டியது கோப்பை இல்லை என்பது எங்களுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் எதிரில் ஒரு நாள் நின்று, ‘நீ செய்ததுதான் சரி’ என்று சொல்லும் ஆளாக ஆகிவிட வேண்டும், அதுதான் வேண்டும்.

ஆஹா, அந்த ஆறாண்டுப் பயிற்சி! விசில் வாஷர் டப்பாவுக்குள் போனது. அதற்குப் பதில் ஸ்பேனரால் குழாயில் ஒரு ‘டங்!’ அது கேட்டால் ஆட்டம் நிற்க வேண்டும். களத்துக்குள் அக்கா கிடையாது, மேடம் கிடையாது, சீனியர் கிடையாது. “‘அக்கா என்னுதுக்கா’ன்னு நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள அது வாய்க்காலோடதா ஆயிடும்!” என்று குளோரினை விரட்டினீர்கள். சொன்னால் எடு, எடுத்துத் தவறினால் அதற்கும் ‘என்னுது’ என்று சொல். இதுதான் உங்கள் பாடம், இரண்டு பகுதி கொண்ட ஒரே பாடம். முதல் பகுதி ஒரு மாதத்தில் வந்தது. இரண்டாம் பகுதிக்கு ஒன்றரை ஆண்டு ஆனது.

அந்தச் சொல் களத்தோடு நிற்கவில்லை என்பதுதான் அதிசயம். கோப்பு காணாமல் போனால் ஐந்து பிரிவுகள் ஒன்றையொன்று கைகாட்டிய அலுவலகம் இது. திடீரென்று தட்டச்சுப் பிரிவிலிருந்து ஒரு குரல், “என்னுது சார், பீரோ மேல வெச்சுட்டேன்.” தண்ணீர் லாரி ஓட்டுநர் சுற்றுச்சுவரை இடித்துவிட்டு, தானே மேலாளர் அறைக்கு வந்து, “என்னுதுங்க” என்று நின்றார். சுவரா, லாரியா என்று மேலாளர் குழம்பியது தனிக் கதை. ஒரு நாள் நான்கூடத் தொலைபேசியில், மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று கொதித்தவரிடம் “என்னுதுங்க, நான்தான் புகாரை எழுத மறந்துட்டேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் திட்ட வந்ததை மறந்து எனக்கு ஆறுதல் சொன்னார்.

சென்ற ஆண்டு இறுதி ஆட்டம்! முதல் சுற்றைத் தாண்டாத நாம், மருத்துவத் துறையை மடக்கி, அஞ்சல் துறையை அடக்கி, மின் துறையின் முன்னால் போய் நின்றோம். மின் துறை அணியின் பயிற்சியாளர் பெயரைப் பட்டியலில் பார்த்ததும், “அவதான்” என்றீர்கள். நாங்கள் யாரும் எவள் என்று கேட்கவில்லை. ஆட்டம் தொடங்கும் முன் வலையை நோக்கிப் பாதி தூரம் நடந்தீர்கள். அந்தப் பக்கம் அவர் உங்களைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் திரும்பி வந்து, தண்ணீர்ப் புட்டிகளை வேண்டாத வேலையாக வரிசை மாற்றி அடுக்கினீர்கள்.

முதல் செட் நமது! இரண்டாவது அவர்களது! மூன்றாவது மீண்டும் நமது! நான்காவதில் இருபத்துமூன்று–இருபத்துமூன்று, இன்னும் இரண்டே புள்ளி! பின்கோட்டை ஒட்டிய முதல் வரிசையில் நம் அலுவலகமே உட்கார்ந்திருந்தது, உட்கார்ந்திருந்தது என்றால் பெயருக்குத்தான். பந்து உயர எழும்பி, நம் பக்கத்தின் நடுவில் மெதுவாக இறங்கியது. குளோரின் பாய்ந்தாள், பாதியில் நின்றாள். பந்து அவள் காலடியில் விழுந்தது. அடுத்த புள்ளியும் போனது, செட்டும் போனது. “யாரோ ‘என்னுது’ன்னு சொன்னாங்க, அதான் விட்டேன்” என்றாள் குளோரின். களத்தில் நின்ற மற்ற ஐந்து பேரும் தாங்கள் சொல்லவில்லை என்றார்கள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்த்தோம், மோட்டார் அக்காவின் கை இடுப்புச் சாவிக்குப் போனது. நீங்களோ, “அவ கேட்டேன்னு சொன்னா கேட்டிருப்பா. வாங்க, அடுத்த செட்” என்றீர்கள். எட்டே எட்டுச் சொல் தேறாத பேச்சு, ஆனால் பழைய கோச் செத்தார் என்று எங்களுக்குச் சொன்ன பேச்சு அதுதான்.

ஐந்தாம் செட்! பதினாலு–பதிமூன்று! நமக்கு ஒரே ஒரு புள்ளி போதும்! மின் துறையின் உயரக்காரி எழும்பி அடித்தாள், மோட்டார் அக்கா தடுக்க எழும்பினார், பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது, நடுவரின் கை நம் பக்கம் நீண்டது! வென்றோம்! மேலாளர் தாம் மேலாளர் என்பதை மறந்து நாற்காலிமேல் ஏறினார்! லாரி ஓட்டுநர் முன்பின் தெரியாத ஒருவரைத் தூக்கிச் சுற்றினார்! நான் கத்திய கத்தலில் பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாறினார்! மோட்டார் அக்கா மட்டும் தம் சுண்டுவிரலைப் பார்த்தபடி நின்றார்.

அவர் தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே கடைசிப் புள்ளி, அதே வெளியே போன பந்து, அதே போல ஒரு விரல்! அக்கா கையைத் தூக்கட்டும் என்று நீங்கள் காத்திருக்கவில்லை. அந்தப் பாரம் இன்னொரு முறை ஆட்டக்காரியின் தலையில் விழக் கூடாது என்று நினைத்தீர்களோ என்னவோ, நீங்களே எழுந்து கோட்டருகே போய், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி, “பட்டுச்சு சார். நான் பார்த்தேன். புள்ளி அவங்களுக்கு” என்றீர்கள். நடுவர் அக்காவைக் கேட்டார். “ஆமா சார், என்னுது” என்றார் அக்கா. மேலாளர் நாற்காலியிலிருந்து இறங்கினார்.

பதினாலு–பதினாலு. பதினைந்து–பதினைந்து. பதினாறு–பதினாறு. கடைசியில் பதினாறு–பதினெட்டு. தோற்றோம்! ஆனால் அன்று அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது தோற்றவர்களுக்குத்தான். வென்றவர்களும் சேர்ந்து தட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே நீங்கள் வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனீர்கள். வழி சுற்றிப் போக உங்களுக்குப் பொறுமை இல்லை. அவர் எதிரில் நின்று, “அன்னைக்கு நீ கை தூக்கினதுதாம்மா சரி. நான் சொன்னது பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அந்தத் தப்பு என்னுது” என்றீர்கள். அவரோ, “இந்த ஒரு பந்துக்கு ‘என்னுது’ன்னு சொல்ல உங்களுக்கு இருபத்திரண்டு வருஷமா சார்?” என்றார். கை கொடுக்கவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. “எழுதிக் குடுங்க. அன்னைக்கும் எழுதித்தானே குடுத்தீங்க” என்றார். நியாயம்தானே! கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை, பண்டக அறையின் மேசையிலேயே, ஒன்பதாவது கடிதத்தை எழுதினீர்கள். கிழிக்காத கடிதம்! விளையாட்டுச் சங்கம் உங்கள் பழைய அறிக்கையைத் தள்ளுபடி செய்து, அவர் பெயர்மேல் இருந்த கறையை எழுத்து மூலமாக நீக்கியது. உங்கள் துணைவியார் எங்களிடம் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். “இருபது வருஷமா வீட்டுக்கு வந்தா கதவ அடிச்சுத்தான் சாத்துவாரு. அந்த வாரம் கதவு சத்தமே வரலை. ஆள் வந்துட்டாரான்னு நான் எழுந்து போய்ப் பார்த்தேன்.” இதோ, அந்தத் துணைவியார் முன்வரிசையில் இருக்கிறார். அவருக்கு இரண்டு இருக்கை தள்ளி மின் துறையின் பயிற்சியாளரும் இருக்கிறார். நாங்கள் அழைப்பு அனுப்பினோம்தான், ஆனால் வருவார் என்று பந்தயம் கட்ட ஒருவருக்கும் துணிவில்லை. வந்தார்! இன்று உங்களுக்குக் கையும் கொடுத்தார்! அவர் வந்த இந்த வரிகளை மட்டும் இப்போதுதான் ஓரத்தில் எழுதிச் சேர்த்தேன்.

இத்தோடு வாழ்த்திவிட்டு நான் இறங்கியிருக்கலாம். மேலாளர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட படியும் இத்தோடுதான் முடிகிறது. இனி வருவது நேற்று நான் சேர்த்தது.

கோச், குளோரின் அதற்குப் பிறகு ஆட வரவில்லை. கேலி அவளை விடவில்லை. “காதுக்குள்ள குளோரின் ஏறிப்போச்சு, அதான் இல்லாத சத்தம் கேட்குது” என்று ஒரு வருடமாகச் சிரிக்கிறோம். இரண்டே புள்ளியில் கிடைத்திருக்க வேண்டிய கோப்பையை அவள் பிரமை கெடுத்தது என்று முகத்துக்கு நேரேயும் சொன்னோம். அவள் முழங்கால் உறைகளைக் கழற்றிக்கொண்டு வந்து உங்களிடம் ஒப்படைத்தாள். நீங்கள் வரவு வைக்கவில்லை. மூன்றாம் அடுக்கில் வைத்து, ‘திரும்பப் பெறவில்லை. உரியவர் வருவார்’ என்று அட்டை எழுதிக் கட்டினீர்கள். அந்த அட்டையை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டேதான் நான் என் பேனாவுக்கு மை வாங்க உங்களிடம் வந்து போனேன்.

குளோரினுக்குக் காது சரியாகத்தான் இருக்கிறது. முதல் வரிசையில், அவள் முதுகுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தது யார்? பந்து இறங்கியபோது, பார்வையாளர் என்பதை மறந்து, ஏதோ தானே களத்தில் நிற்கிற நினைப்பில், தொலைபேசியே தேவைப்படாத அந்தக் குரலில், ‘என்னுது!’ என்று கத்தியது யார்? அந்த அமளியில் பக்கத்தில் இருந்தவர்களுக்கே அது கூச்சலோடு கூச்சலாகப் போயிற்று, அவளுக்கு மட்டும் சொல்லாகக் கேட்டிருக்கிறது. அவள் பாதியில் நின்ற அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. மற்ற ஐந்து பேரையும் விசாரித்தபோது நான் வாயை மூடிக்கொண்டேன். காதுக் கேலியை முதலில் யாரோ சொன்னபோது, முதலில் சிரித்தவளும் நான்தான்.

கோச், நீங்கள் எட்டுக் கடிதம் கிழித்தீர்கள். நான் இந்தப் பத்தியை எட்டு முறைக்கு மேல் கிழித்தேன். உங்களுக்கு ஆனது இருபத்திரண்டு ஆண்டு, எனக்கு ஓர் ஆண்டோடு போகட்டும். குளோரின், எழுந்து நில்லும்மா. நீ கேட்டது பிரமை இல்லை. நீ பந்தை விட்டது தப்பும் இல்லை, கோச் சொல்லிக்கொடுத்தபடி, சொன்னவளுக்கு வழிவிட்டாய். சொன்னது நான். அந்தப் பந்து என்னுது. உன்னைப் பார்த்துச் சிரித்ததும் என்னுது. எல்லோர் முன்னாலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ உடனே சரி என்று சொல்ல வேண்டாம், எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் நியாயம்தான், அதனால்தான் இதை எழுதியே கொண்டுவந்தேன். இந்த மடல் சட்டத்துக்குள் போய், கோச்சின் வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டுவிட்டால் யாராலும் இதை மாற்ற முடியாது.

கோச்! இன்று மாலை பண்டக அறையைப் புதியவரிடம் ஒப்படைக்கும் முன், மூன்றாம் அடுக்கில் உள்ள அந்த முழங்கால் உறைகளை உங்கள் கையாலேயே உரியவரிடம் வழங்கிவிட்டுப் போங்கள். உங்கள் கையிருப்பு ஏட்டில் பத்தொன்பது ஆண்டுகளில் முடியாமல் நிற்கும் ஒரே வரி அதுதான். நாளை மறுநாள் மாலை ஐந்தரைக்கு வடிகட்டும் தொட்டிகளுக்குப் பின்னால் பயிற்சி உண்டு. ஓய்வு பெறுவது பண்டகக் காப்பாளர்தான், கோச்சுக்கு ஓய்வு உத்தரவு இந்த அலுவலகம் பிறப்பிக்கவில்லை. ஸ்பேனரை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார், ஏட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு.

கை நடுங்காமல், கால் தளராமல், கதவைச் சத்தமில்லாமல் சாத்தும் கணவராக, கத்தாமலே கற்றுத்தரும் ஆசானாக, துணைவியாரோடு நலம் பெற்று, நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும்! அடுத்த கோப்பையின் கடைசிப் புள்ளியிலும் நாங்கள் உங்களைத் திரும்பிப் பார்ப்போம், நீங்கள் அங்கே இருக்க வேண்டும்! இது வாழ்த்து மட்டுமல்ல, எங்கள் எல்லோரின் கோரிக்கையும்கூட.

உங்களை விட மனமில்லாத,
குடிநீர் நிலையத்தின் அனைத்துப் பிரிவு ஊழியர்கள்,
மோட்டார் அக்காவும் அணியும்,
எழுதி வாசித்த புகார்ப் பிரிவு மைக்.

இதில் பிழை ஏதும் இருந்தால், எழுத்துப் பிழையோ, ஒற்றுப் பிழையோ, நான்காம் செட்டோ, எல்லாம் என்னுது.